ஒட்டுப் போர்வையில் ஓர் ஊர்



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளில் ஒரு பொருள் தவறாமல் இருக்கும். அதுதான் பழைய சேலை. உடுத்துவதற்கு உதவாத அளவுக்கு அது நைந்துவிட்டது; எறிந்துவிடவோ மனம் வரவில்லை. சில ஆண்டுகள் அது பெட்டியின் அடியில் கிடக்கிறது. பின்னர் ஒரு நாள் தெருவில் கூவிக்கொண்டு வரும் பாத்திரக்காரரிடம் போய்ச் சேருகிறது. நாலைந்து சேலைகளுக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம் கிடைக்கிறது. பண்டமாற்று என்ற அளவில் அதில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், அந்தச் சேலைகளோடு வீட்டை விட்டுச் செல்வன எவை எவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அதனை எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

பழந்துணிகளை வெட்டி இணைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியும் நூலும் கொண்டு நெருக்கமாகத் தைத்துச் செய்வது ஒட்டுப் போர்வை. பாரத நாட்டில் இக்கலை வழங்காத பகுதி அரிது. பம்பாயில் வாழும் நம்மவர் இதனைக் ‘கோதடி’ என்ற மராத்திப் பெயரால் அறிவர். கல்கத்தாவில் வாழ்வோர் ‘காந்தா’ என்று அறிவர். பீகாரில் இது ‘சுஜனி’, கருநாடகத்தில் ‘கௌதி’. பெயர்கள் வேறாயினும் பொருள் ஒன்றே. குளிருக்குப் போர்த்திக்கொள்ளவும், குழந்தையைக் கிடத்தவும், விருந்தினர்க்கு விரிக்கவும் பெண்கள் தம் கையாலேயே செய்துகொண்ட பொருள் இது.

இவற்றுள் ‘காந்தா’ என்ற சொல் நம் கருத்தைக் கவர்கிறது. நம் மொழியில் ‘கந்தை’ என வழங்குவதும் அதுவும் ஒரே வடசொல்லின் வழிவந்த இரு வடிவங்களாகும். சொல் ஒன்றாயினும், சென்ற வழிகள் வேறு. நமக்குக் கந்தை என்றால் வறுமை நினைவுக்கு வருகிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று தூய்மையை வற்புறுத்திய பழமொழி, கந்தையைக் கொண்டு வேறென்ன செய்யலாம் என்பதைச் சொல்லவில்லை. வங்கப் பெண்களோ, கிழிந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, தாமரையும் மீனும் தேரும் படகும் அதன்மேல் தையலால் வரைந்தனர். கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939ஆம் ஆண்டில் காந்தாவைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாட்டில், கணவனைப் பிரிந்த ஒரு பெண் தன் வாழ்க்கையையே போர்வையில் தைத்து வைக்கிறாள். அங்கே கந்தை கலையாயிற்று; வாழ்க்கை வரலாறும் ஆயிற்று.

கருநாடகத்துக்கு வருவோம். அம்மாநிலத்தின் வடபகுதியில், தார்வாடு, பெளகாவி, விசயபுர மாவட்டங்களில் கௌதி தைக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பருத்திச் சேலைகளும் வேட்டிகளும் அடுக்கடுக்காக வைத்துத் தைக்கப்பெறுகின்றன. உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் முதலிய இடங்களில் வாழும் சித்தி மக்களின் போர்வைகள் தனிச் சிறப்புடையவை. இவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்நாட்டுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள். சித்திப் பெண்கள் போர்வையின் விளிம்பில் ஒரு மூலையில் தையலைத் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கிச் சென்று நடுவில் முடிப்பர். நான்கு மூலைகளிலும் வண்ணத் துணியை மடித்து மடித்துப் பூப்போல ஒன்றை வைப்பர். அதற்குப் பெயரும் ‘பூல்’, அதாவது பூ என்பதே. அந்தப் பூ இல்லாத போர்வை ஆடையில்லாத உடலுக்கு ஒப்பானது என்பது அவர்களுடைய கருத்து. 2011ஆம் ஆண்டில் இப்போர்வைகள் நியூயார்க் நகரத்து ஷோம்பெர்க் ஆய்வு மையத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. காட்டோரச் சிற்றூரில் குழந்தைக்குப் போர்த்துவதற்காகத் தைத்த துணி, கடல் கடந்து சென்று சுவரில் தொங்கிற்று.

படுக்கையில் விரிக்கும் பொருள் சுவருக்கு ஏறியது உலகெங்கும் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த மாற்றம். 1971ஆம் ஆண்டில் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடம் பழைய அமெரிக்கப் போர்வைகளை ஓவியங்களைப் போலவே சுவரில் மாட்டிக் காட்டியது. 1979ஆம் ஆண்டு முதல் ஓகையோ மாநிலத்தில், கலைக்காகவே தைக்கப்படும் புதிய போர்வைகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடைபெறத் தொடங்கிற்று. 2002ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்களின் போர்வைகள் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் காட்டப்பெற்றுப் பெரும்புகழ் எய்தின. அப்பெண்கள் எடுத்துக்கொண்டவை வயலில் உழைத்தோர் உடுத்துக் கிழித்த சட்டைகளும் காற்சட்டைகளுமே. பட்டும் பொன்னூலும் இருந்தால்தான் கலை பிறக்கும் என்று எண்ணுவோர்க்கு அப்போர்வைகள் தக்க விடை.

தமிழகத்தில் இத்தகைய கலை இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது, ஆனால் படுக்கையறையில் இல்லை, தேரில் இருக்கிறது. தஞ்சைப் பகுதியில் தேர்களுக்கும் மண்டபங்களுக்கும் தொங்கவிடும் தொம்பைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நீண்ட உருளைகளாகத் தொங்கும் அவற்றில், சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமான துணிகளை யாளியாகவும் மயிலாகவும் தாமரையாகவும் வெட்டி ஒட்டித் தைத்திருப்பர். துணியின்மேல் துணி வைத்து உருவம் அமைக்கும் கலையில் நம்மவர் கைதேர்ந்தவர் என்பதற்கு அதுவே சான்று.

இன்னொன்றும் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் படுக்கை விரிப்புகள் கப்பல் கப்பலாகச் சென்றன. நடுவே பூத்துக் குலுங்கும் ஒரு மரம், கிளைகளில் பறவைகள், அடியில் பாறையும் புல்லும். செந்நிறத்துக்குச் சாயவேரும் நீலநிறத்துக்கு அவுரியும் உதவின. அத்துணிகளின்மேல் ஐரோப்பியர் கொண்ட மோகம் எவ்வளவு பெரிதென்றால், உள்நாட்டு நெசவைக் காப்பதற்காகப் பிரெஞ்சு அரசு 1686ஆம் ஆண்டிலும், ஆங்கிலப் பாராளுமன்றம் 1700ஆம் ஆண்டிலும் இவ்வகைத் துணிகளுக்குத் தடைச் சட்டம் இயற்ற நேர்ந்தது. செடியின் வேரிலிருந்து நிறம் எடுத்து, செடியின் உருவத்தையே துணியில் மலரச் செய்த கைகள் நம் கரையோரத்துக் கைகள். ஆகவே, இயற்கையைப் பார்த்துத் துணியில் அமைப்பது நமக்குப் புதிதன்று. இடையில் மறந்துபோன ஒன்று.

இனி, எப்படிப் பார்ப்பது, எப்படி அமைப்பது என்பதற்கு வருவோம். இதற்கு ஓர் ஊரை எடுத்துக்காட்டாகக் கொள்வது நலம். மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது நஞ்சன்கூடு. பெங்களூரிலும் மைசூரிலும் வாழும் தமிழர் பலர் கோடை விடுமுறையில் இவ்வூர் வழியாகவே நீலகிரிக்குப் போகின்றனர். நஞ்சுண்ட பெருமான் கோயில் கொண்டதால் ஊருக்கு இப்பெயர் வந்தது. ஏழு நிலைக் கோபுரத்தைக் கடந்து உட்சென்றால், அறுபத்துமூன்று நாயன்மார்களின் திருவுருவங்களை வரிசையாகக் காணலாம். கன்னட நாட்டில் நின்று அப்பரையும் காரைக்கால் அம்மையாரையும் காணும் தமிழருக்கு, அந்த ஊர் அயலூர் ஆகாது.

ஊரை ஒட்டிக் கபிலை ஆறு ஓடுகிறது. கபினி என்றும் இதனைக் கூறுவர். கேரளத்து வயநாட்டில் பிறந்து, நஞ்சன்கூட்டைத் தழுவி, திருமுக்கூடல் நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. கலந்தபின் அந்நீர் மேட்டூரையும் திருச்சியையும் கண்டு, தொம்பை தைக்கும் தஞ்சைத் தரணிக்கே வந்து சேருகிறது. இந்நீரைப் பங்கிடுவதில் மாநிலங்களுக்கிடையே நெடுநாள் வழக்கு உண்டு என்பதை அனைவரும் அறிவர். அவ்வழக்கை இங்கே நாம் எடுக்கவில்லை. ஒரே ஆறு இரு நாட்டு வயல்களையும் பசுமையாக்குகிறது என்ற எளிய உண்மையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் முழுதும் நஞ்சன்கூட்டில் தங்கி, கண்ட நிறங்களைக் குறித்துக்கொண்டு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒளிப்படம் எடுப்பது எளிது. கைப்பேசி அதைச் செய்துவிடும். ஆனால் படம் எல்லாவற்றையும் ஒரே அளவாக எடுத்து வைக்கிறது. எது முக்கியம் என்று தேர்ந்தெடுப்பது மனிதனின் கண். ஆகவே ஒரு சிறு குறிப்பேட்டில் நிறத்தின் பெயரை எழுதிக்கொள்வதே சிறந்த முறை.

எந்தப் பெயரால் எழுதுவது? இங்கேதான் நம் பழஞ்சேலைகள் துணைக்கு வருகின்றன. கிளிப்பச்சை, இராமர் பச்சை, மயில்கழுத்து, அரக்கு, பாக்கு நிறம், மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, மிளகாய்ப்பழச் சிவப்பு என்று நம் பாட்டிமார் சேலைக் கடையில் கேட்டு வாங்கிய நிறங்கள் எத்தனை! இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் உடுத்தியதால் ஒரு நீலத்துக்கே அவர் பெயர் வழங்கிற்று. ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு பறவையோ பூவோ காயோ இருக்கிறது. பிற மாநிலத்தில் பிறந்து வளரும் நம் குழந்தைகள் நிறங்களுக்கு ஆங்கிலப் பெயர்களை மட்டுமே அறிவர். வெங்காயச் சருகு என்றால் எந்த நிறம் என்று அவர்களுக்குக் காட்டுவதற்கு அகராதி உதவாது. அந்தச் சேலைதான் உதவும். சேலை பாத்திரக்காரரிடம் போகும்போது அந்தச் சொல்லும் உடன் போகிறது.

நஞ்சன்கூட்டில் நாம் காணும் நிறங்கள் யாவை? முதலில் பச்சை. நெல்லின் பச்சை வேறு, வாழையின் பச்சை வேறு, தென்னையின் பச்சை வேறு. ஆகவே பச்சை ஒன்றன்று, மூன்று. அடுத்து மண்ணின் கருமை. அடுத்து, ஆற்றின் குறுக்கே நிற்கும் பழைய வளைவுப் பாலத்தின் கல் நிறம். 1735ஆம் ஆண்டில் கட்டப்பெற்றதாகக் கூறப்படும் அப்பாலத்தின்மேல் ஒரு காலத்தில் இரயிலும் சென்றது. அடுத்து மஞ்சள். நஞ்சன்கூடு ரசபாளெ என்ற வாழைப்பழம் புவிசார் குறியீடு பெற்ற புகழுடையது. கடைசியாகச் சிவப்பு. பங்குனித் திங்களில் நடைபெறும் பெரிய தேர்த் திருவிழாவில் விநாயகர், நஞ்சுண்டேசுவரர், அம்மை, சண்டிகேசுவரர், முருகன் ஆகியோருக்கு ஐந்து தேர்கள் ஓடுகின்றன. வண்ணத் துணிகளால் போர்த்திய தேர்களுள் கௌதம ரதம் எனப்படும் பெருந்தேரே பெரியது.

இந்நிறங்களை எல்லாம் சம அளவாகக் கலந்தால் என்ன ஆகும்? திருவிழாக் கடைத்தெருவைப் போல எல்லாம் ஒரே நேரத்தில் கூச்சலிடும். எதுவும் காதில் விழாது. வடிவமைப்பு என்பது அளவறிந்து பங்கிடுதலே. சமையலில் உப்பும் புளியும் அளவறிந்து சேர்ப்பவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஒரு கட்டிலுக்கு ஏற்ற போர்வையை எடுத்துக்கொள்வோம். 9 அங்குலச் சதுரங்களாக, குறுக்கே 6, நெடுக்கே 9 என வைத்தால் மொத்தம் 54 சதுரங்கள். இவற்றுள் 22 சதுரங்களைப் பச்சைக்குக் கொடுப்போம். மூவகைப் பச்சையும் கலந்து வரட்டும். 12 சதுரங்களை மண்ணின் கருமைக்குக் கொடுப்போம். 9 சதுரங்கள் ஆற்றுக்கு. 4 பாலத்துக்கு, அவற்றின்மேல் தொம்பை தைப்பவர் செய்வதுபோல் அரைவட்டமாகத் துணியை வெட்டி ஒட்டித் தைத்தால் பாலத்தின் வளைவுகள் தோன்றும். 5 சிவப்பு, ஐந்து தேர்களுக்கு. 2 மஞ்சள், வாழைப்பழத்துக்கு. கூட்டிப் பார்த்தால் 54 சரியாக வரும்.

மஞ்சளுக்கு இரண்டே சதுரமா என்று கேட்கலாம். காரணம் உண்டு. ரசபாளெ வாழையை வாடல் நோய் தாக்கியதால் அதைப் பயிரிடும் நிலப்பரப்பு பெரிதும் குறுகிவிட்டது. ஊரின் பெயரைச் சுமந்த பழம் அவ்வூரிலேயே அருகிப்போயிற்று. இரண்டு சதுரம் என்பது அழகுக்காக மட்டும் வைத்த அளவன்று. உண்மையைச் சொல்லும் அளவு. போர்வையைப் பார்க்கும் குழந்தை, மஞ்சள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கும். அக்கேள்விக்கு நாம் சொல்லும் விடையில் ஒரு பயிரின் வரலாறு அடங்கிவிடும்.

ஆற்றுக்கு எந்த நிறம்? மழைக் காலத்தில் கபிலை செங்கலங்கலாக ஓடுகிறது. கோடையில் பாசி படிந்த பச்சையாகத் தேங்குகிறது. கண் கண்டபடி வைப்பதானால் பழுப்போ பச்சையோதான் வைக்க வேண்டும். ஆனால் பச்சை வயலுக்கு நடுவே பச்சை ஆறு தெரியாது. கரிய மண்ணுக்கு அருகே பழுப்பு ஆறு மங்கிவிடும். மேலும், இவ்வூரின் பெயரிலேயே ஒரு நிறம் ஒளிந்திருக்கிறது. நஞ்சுண்ட பெருமானின் கண்டம் நீலம் அன்றோ? ஆகவே ஆற்றுக்கு ஆழ்ந்த நீலத்தைக் கொடுப்போம். கண்ட நிறத்தை அப்படியே வைப்பது படம்பிடித்தல். அந்த இடத்தின் பொருளைக் கருதி நிறத்தைத் தேர்வது வடிவமைத்தல். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒன்பது நீலச் சதுரங்களில் இருக்கிறது.

வைக்கும் முறையையும் கூறிவிடுவோம். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நீலச் சதுரம் வரும். மேலே இடப்புற மூலையில் தொடங்கி, படிப்படியாக வலப்புறம் நகர்ந்து, ஏழாம் வரிசையில் வலப்புற ஓரத்தை அடைந்து, பின்னர் ஓரமாகவே கீழிறங்கட்டும். மேற்கே பிறந்து கிழக்கே செல்லும் ஆறு அவ்வாறுதானே போகும்? அந்த ஏழாம் வரிசையில் எஞ்சும் ஐந்து இடங்களிலும் ஐந்து சிவப்புகளை வைத்துவிடுங்கள். தேர் வீதியும் ஆற்றங்கரையும் ஒரே வரிசையில் அமைந்துவிடும். பெருந்தேருக்குரிய சதுரத்தை மட்டும் சரிகையில்லாத ஒரு பழைய சேலைக்கரையால் சட்டமிட்டுத் தைத்தால், எது பெரியது என்பது சொல்லாமலே விளங்கும். துணிகளைத் தரையில் பரப்பி வைத்து, எட்ட நின்று, கண்களைச் சற்றே இடுக்கிப் பாருங்கள். நிறங்கள் மங்கி, வெளிச்சமும் இருளும் மட்டும் தெரியும். அப்போதும் ஆற்றின் போக்கு புலப்படுமாயின் அமைப்பு நன்று. புலப்படாவிட்டால் நீலத்தின் அருகிலுள்ள துணிகளை இன்னும் வெளிறியனவாக மாற்றுக.

இனிக் கைவேலை. சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு வேண்டியிருப்பதால், 9 அங்குலச் சதுரத்துக்கு 10 அங்குலமாக வெட்ட வேண்டும். அனைத்தையும் இணைத்தால் 54 அங்குல அகலமும் 81 அங்குல நீளமும் வரும். சுற்றிலும் 3 அங்குலக் கரை வைத்தால் 60க்கு 87 ஆகும். ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றை 90 அங்குலமாக இரண்டு துண்டுகள் வெட்டி, பக்கவாட்டில் இணைத்தால் அடித்துணி கிடைத்துவிடும். இன்னொரு சேலை அவ்வாறே நடு அடுக்காகும். பஞ்சு திணிக்க வேண்டுவதில்லை. தில்லிக் குளிருக்கு மட்டும் நடு அடுக்கில் இரண்டு சேலை வைக்கலாம்.

எச்சரிக்கைகள் சில. பருத்தியையும் பட்டையும் கலக்கலாகாது. இரண்டும் துவைத்தபின் வேறு வேறு அளவாகச் சுருங்கும். தைப்பதற்கு முன் எல்லாத் துணியையும் துவைத்து உலர்த்துக. கருஞ்சிவப்பையும் கருநீலத்தையும் நனைத்து, வெள்ளைத் துணியின்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் இறங்குமாயின் அத்துணியை விலக்கிவிடுக. சேலையின் உட்கட்டும் முந்தியும் பெரும்பாலும் நையாமல் இருக்கும். நைந்ததை அடித்துணியாக வைக்கலாகாது. நடு அடுக்கில் வைக்கலாம்.

அடுக்குகளைச் சேர்க்கும் தையல் மிக எளியது. ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கிச் செல்லும் ஓட்டுத் தையலே போதும். வங்கத்துக் காந்தாவும் கருநாடகத்துக் கௌதியும் இந்த ஒரே தையலை நம்பி நிற்பவை. ஆனால் கோடுகளின் நெருக்கமே போர்வைக்கு உயிர். ஓர் அங்குலத்துக்கு இரண்டு மூன்று வரிசையேனும் வர வேண்டும். ஆற்றின் மேல் செல்லும்போது தையலை அலைபோல வளைத்தும், வயலின் மேல் செல்லும்போது உழவுசால் போல நேராகவும் ஓட்டலாம். அப்போது நிறம் மங்கினாலும் தையலே படம் சொல்லும்.

இதனைப் புத்தகத்தில் படித்துக் கற்பதைவிட, தெரிந்தவர் அருகில் அமர்ந்து கற்பதே நன்று. அப்படித் தெரிந்தவர்கள் நம் தமிழ் வட்டத்துக்கு வெளியே, பெரும்பாலும் அடுத்த தெருவிலேயே இருக்கின்றனர். புனேயில் கோதடி தைக்கும் பாட்டி, தார்வாட்டில் கௌதி தைக்கும் அம்மை, கல்கத்தாவில் காந்தா தைக்கும் மாசி ஆகியோரிடம் போய், கற்றுத் தாருங்கள் என்று கேட்பது எளிதன்று, ஆனால் பயனுள்ளது. ஆலைப் போர்வை மலிந்தபின் இவர்களை நாடி வருவோர் குறைந்துவிட்டனர். இவர்களோடு அத்தையல் நின்றுவிடக்கூடும். ஒரு மாநிலத்தில் பிழைக்க வந்தவர், அம்மண்ணின் கலை ஒன்றைக் கற்று அதற்கு உரிய பெயரிட்டு வழங்குவாராயின், அது நல்ல நன்றிக்கடன். கௌதி முறையில் தைத்ததைக் கௌதி என்றே சொல்வோம். சித்திப் பெண்களின் மூலைப் பூவை எடுத்துக்கொண்டால், அது அவர்களுடையது என்று சொல்லியே எடுத்துக்கொள்வோம்.

நஞ்சன்கூட்டை எடுத்துக்காட்டாகவே கூறினோம். தில்லியில் வாழும் நேயர்க்கு மாசி பங்குனியில் இலையின்றிச் செந்தீப்போல் பூக்கும் இலவமரங்கள் இருக்கின்றன. கல்கத்தா நேயர்க்குப் பூசைக் காலத்தில் ஆற்றோரமெங்கும் வெண்மையாகப் பூத்தசையும் காஷ் புல் இருக்கிறது. மராட்டிய நாட்டில் வாழ்வோர்க்கு ஆடி மழையில் பச்சைப் போர்வை போர்த்தும் சகியாத்திரி மலைகள் இருக்கின்றன. பெங்களூர் நேயர்க்குச் சாலையெங்கும் நீலமும் இளஞ்சிவப்புமாக உதிரும் பூக்கள் இருக்கின்றன. நாம் வாழும் ஊரின் நிறங்களை, நாம் விட்டுவந்த ஊரின் சேலைத் துண்டுகளால் அமைப்போமாயின், அப்போர்வையில் இரண்டு ஊர்களும் அடங்கும். தில்லி இலவம்பூவுக்குச் சின்னாளப்பட்டிச் சிவப்பையும், காஷ் புல்லுக்குத் தாத்தாவின் சேலத்து வேட்டியையும் விடப் பொருத்தமான துணி வேறு எது?

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் ஒரு குறை மெல்ல வளர்கிறது. பெற்றோர்க்கு ஓர் ஊர், பிள்ளைகளுக்கு வேறோர் ஊர். தாய் தன் ஊரைப் பற்றிப் பேசும்போது மகளுக்கு அது கதை. மகள் தன் ஊரைப் பற்றிப் பேசும்போது தாய்க்கு அது அயல். இருவரும் சேர்ந்து அமர்ந்து செய்யத்தக்க வேலைகள் மிகச் சில. ஒட்டுப் போர்வை அவற்றுள் ஒன்று. ஊரின் நிறத்தை மகள் தேர்ந்தெடுப்பாள். சேலையின் கதையைத் தாய் சொல்வாள். இது உன் பாட்டி வளைகாப்புக்கு உடுத்தியது, இது மாமன் சீராகக் கொடுத்தது, இந்த நிறத்துக்குப் பாக்கு நிறம் என்று பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியபடி தைத்தால், 54 சதுரங்கள் முடிவதற்குள் ஒரு குடும்பத்தின் வரலாறு கைமாறிவிடும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் தைத்தால் சில திங்களில் போர்வை முடியும். அச்சில திங்களும் வீணாகா.

ஆகவே, அடுத்த முறை பாத்திரக்காரரின் குரல் தெருவில் கேட்கும்போது, பெட்டியைத் திறப்பதற்கு முன் சற்றுப் பொறுப்போம். கிண்ணம் கடையில் எப்போதும் கிடைக்கும். பாட்டியின் மயில்கழுத்துச் சேலை இன்னொன்று கிடைக்காது. அதில் ஒரு சாணளவு துணியேனும் எடுத்து வைப்போம். அதன் மடிப்புக்குள், அது யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, அதன் நிறத்துக்குப் பெயர் என்ன என்ற மூன்றையும் தமிழில் எழுதி ஒரு சீட்டாக வைப்போம். தைப்பதற்கு நமக்கு இன்று ஓய்வில்லாமல் போகலாம். துணியும் சீட்டும் இருந்தால், ஓய்வும் ஆர்வமும் உள்ள ஒரு கை நம் வீட்டிலேயே ஒரு நாள் அதனை எடுத்துத் தைக்கும்.